தேடு மரமும் நேர்முகப் பரீட்சையும்

நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்காருவதில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உட்காருகிறார்கள். பத்து, பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தபின் சீனியர் எஞ்சினியர் என்னும் மேற்பதவிக்கு மனுப் போடுகிறார்கள். அங்கே நடக்கும் நேர்முகப் பரீட்சையில், செய்த வேலைகளைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்து விழுகிறது: "சமநிலைத் தேடு மரம் என்றால் என்ன? அதை எப்போது உபயோகிப்பீர்கள்?" பிள்ளை திகைத்துப் போகிறான். "அத்தா, இத்தனை வருஷத்தில் அந்த மரத்தை ஒரு நாள்கூட என் கையால் எழுதியதில்லை. அதைப் போய்க் கேட்கிறார்களே!" என்று வீட்டுக்கு வந்து முறையிடுகிறான். மகளாக இருந்தாலும் முறையீடு இதேதான்.

மேஜையின் மறுபக்கமும் வியாபாரிகளாகிய நமக்கு அந்நியமல்ல. சரக்கிருப்பு, பில், பாக்கி, இணைய விற்பனை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. மலேசியாவில் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி மின் விலைப்பட்டியல் முறையும் படிப்படியாக வந்திருக்கிறது. ஆகவே சற்றுப் பெரிய கடை வைத்திருப்பவர், என்றாவது ஒரு நாள் சீனியர் எஞ்சினியர் ஒருவரைத் தாமே தேர்ந்தெடுக்க நேரிடுகிறது. கடைச் சிப்பந்தி தவறான ஆள் என்றால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். எஞ்சினியர் தவறான ஆள் என்றால், கணக்கு வீங்கி, பில் போடும் இயந்திரம் மூச்சுத் திணறும்போதுதான் தெரியும். அதற்குள் ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடும்.

இந்தக் கேள்வி நியாயமானதா, அல்லவா? மரத்தை மனப்பாடமாக எழுதிக் காட்டு என்று கேட்டால் அது வீண் கேள்வி. மரத்தைப் பற்றி எங்களோடு பேசு என்று கேட்டால், சீனியர் பதவிக்கு அதைவிட நல்ல கேள்வியைக் கண்டுபிடிப்பது சிரமம். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, மரத்தைக் கொஞ்சம் படித்தாக வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமான பாடமல்ல.

மளிகைக் கடையில் ஒரு மரம்

அகர வரிசையில் பெயர்கள் எழுதப்பட்ட பேரேடு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பெயரைத் தேடுகிறவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டமாட்டார். நடுவில் திறப்பார். தேடும் பெயர் அதற்கு முன்னால் என்றால் பின்பாதியை மறந்துவிடுவார். மிச்சத்தின் நடுவில் மறுபடி திறப்பார். ஒவ்வொரு தடவையும் பாதி கழிகிறது. 10 லட்சம் பெயர் இருந்தாலும் 20 தடவைக்குள் பெயர் கைக்கு வந்துவிடும். 2-ஐ 20 தடவை பெருக்கினால் 10 லட்சத்துக்குச் சற்று மேலே வரும், கணக்கு அவ்வளவுதான். கல்லூரியில் இதைத்தான் மடக்கை என்றும் லாகரிதம் என்றும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

தேடுவதற்கு இந்தப் பேரேடு பிரமாதம். புதுப் பெயர் எழுதுவதற்கோ பெருந்தொல்லை. நடுவில் ஒரு பெயரைச் செருக வேண்டுமானால் அதற்குப் பின்னால் உள்ளவற்றை எல்லாம் ஓர் இடம் தள்ள வேண்டும். தேடுவதும் சீக்கிரம் நடக்க வேண்டும், சேர்ப்பதும் சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்ததுதான் தேடு மரம்.

மரம் என்றால் தலைகீழ் மரம். வேர் மேலே, இலை கீழே. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெயர் இருக்கும். அகர வரிசையில் அதற்கு முந்தியவை எல்லாம் இடது கிளையில். பிந்தியவை எல்லாம் வலது கிளையில். விதி அவ்வளவே. முதலில் சீரகம் வருகிறது. அது வேரில் அமர்கிறது. அடுத்து கடுகு, சீரகத்துக்கு முந்தியதாகையால் இடது பக்கம். பிறகு மிளகு, வலது பக்கம். ஏலக்காய் கடுகுக்கு இடமும், கிராம்பு கடுகுக்கு வலமும் போகும். மஞ்சள் மிளகுக்கு இடம். வெந்தயம் அதற்கு வலம். ஏழு சரக்கு, மூன்றே படி. எதைத் தேடினாலும் மூன்று பார்வையில் கிடைத்துவிடும்.

இப்பொழுது அதே ஏழு சரக்கும் அகர வரிசையிலேயே வந்து சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏலக்காய். அதற்கு வலது கடுகு, அதற்கு வலது கிராம்பு, அதற்கு வலது சீரகம்... கடைசியில் வெந்தயம். விதி ஒன்றும் மீறப்படவில்லை. ஆனால் இடது பக்கம் ஒரு கிளைகூட இல்லை. மரம் என்று பெயர். பார்த்தால் கிளையில்லாத தென்னை! வெந்தயத்தைத் தேடுகிறவன் ஏழு படியும் இறங்க வேண்டும்.

ஏழு படி என்பது பெரிய விஷயமல்ல. ஆனால் நம் கடையில் அகர வரிசையாக, அதாவது ஏறு வரிசையாக, வருவது எது என்று யோசியுங்கள். பில் எண்! 1, 2, 3 என்று தினமும் ஏறிக்கொண்டே போவது அதுதான். தேதியும் அப்படியே. சமநிலை இல்லாத மரத்தில் 10 லட்சம் பில்களை எண் வரிசையில் சேர்த்தால், 10 லட்சம் படி உள்ள தென்னை நிற்கும். கடைசி பில்லைத் தேட 10 லட்சம் பார்வை. முழு மரத்தையும் அப்படிக் கட்டி முடிக்க ஏறக்குறைய 50,000 கோடி பார்வை. இதில் உள்ள சூழ்ச்சி என்னவென்றால், ஆயிரம் பில் வைத்துச் சோதித்துப் பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாம் கண நேரத்தில் நடக்கும். வியாபாரம் வளர வளரத்தான் நோய் வெளிப்படும்.

இதற்கு மருந்தை 1962-ல் சோவியத் யூனியனில் இருவர் கண்டுபிடித்தார்கள். அடெல்சன்-வெல்ஸ்கி ஒருவர், லாண்டிஸ் மற்றவர். இருவர் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு ஏ.வி.எல். மரம் என்று பெயர். மலாயா சுதந்திரம் பெற்று ஐந்து வருஷமே ஆகியிருந்த காலம் அது. கம்ப்யூட்டர் என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த காலம். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எந்தக் கணுவிலும் இடது பக்கத்து உயரமும் வலது பக்கத்து உயரமும் ஒரு படிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. வித்தியாசப்பட்டால் மரத்தை அங்கேயே சுழற்றிச் சரி செய்ய வேண்டும்.

சுழற்றல் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். ஏலக்காய்க்கு வலது கடுகு, கடுகுக்கு வலது கிராம்பு என்று சரிந்து நிற்கிறது அல்லவா? கடுகைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஏலக்காய் அதற்கு இடப்பக்கம் இறங்கிவிடும். கிராம்பு வலப்பக்கமே நிற்கும். மூன்று படி இரண்டாகிவிட்டது. இடமிருந்து வலம் வாசித்துப் பாருங்கள்: முன்பும் ஏலக்காய், கடுகு, கிராம்பு, இப்போதும் அதே. சுழற்றலின் உயிர்நாடி இதுதான். உருவம் மாறும், வரிசை மாறாது. கடுகுக்கு இடப்பக்கம் ஏற்கெனவே ஓமம் இருந்தால் அது எங்கே போவது? அகர வரிசையில் ஓமம் ஏலக்காய்க்குப் பின், கடுகுக்கு முன். ஆகவே சுழற்றிய பிறகு ஏலக்காயின் வலப்பக்கம் அதற்குச் சொந்தமான இடம் காலியாகக் காத்திருக்கும். இவ்வளவையும் சீரகம், மிளகு வைத்துச் சொல்ல முடிந்த பிள்ளைக்குச் சுழற்றல் புரிந்துவிட்டது என்று நம்பலாம். சூத்திரத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது.

ஏ.வி.எல். முறையில் 10 லட்சம் பெயர் இருந்தாலும் மரம் 28 படிக்கு மேல் போகாது. 1978-ல் குய்பாஸ், செட்ஜ்விக் என்னும் இருவர், ஜெர்மானியரான ருடால்ப் பேயர் 1972-ல் சொன்ன ஒரு கருத்தை விரித்து, சிவப்பு-கறுப்பு மரம் என்ற முறையை எழுதினார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு நிறம். சிவப்புக்குக் கீழே சிவப்பு வரக் கூடாது. மேலிருந்து கீழே எந்த வழியில் இறங்கினாலும் கறுப்புக் கணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இதிலிருந்து என்ன கிடைக்கிறது? மிகக் குறுகிய வழியில் எல்லாம் கறுப்பாக இருக்கும். மிக நீண்ட வழியில் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி வரும். ஆகவே நீண்டது குறுகியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போக முடியாது. 10 லட்சத்துக்கு 40 படி எல்லை. ஏ.வி.எல்.லைவிடச் சற்றுத் தளர்ந்த கட்டு. அதனால் தேடல் சற்று நீளலாம். பதிலுக்கு, ஒன்றைச் சேர்க்க இரண்டு சுழற்றலும் நீக்க மூன்று சுழற்றலும் போதும். ஏ.வி.எல்.லில் ஒன்றை நீக்கினால் மேலே போகப் போகப் பல இடங்களில் சுழற்ற நேரலாம். வாங்கி வைத்ததை அடிக்கடி மாற்றாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் கடைக்கு ஒன்று. சரக்கு வருவதும் போவதுமாக இருக்கும் கடைக்கு மற்றொன்று. ஜாவா மொழியின் ட்ரீமேப் சிவப்பு-கறுப்பு மரமே. லினக்ஸ் 2007-ல் எந்த வேலைக்கு அடுத்து முறை கொடுப்பது என்று தீர்மானிக்க இதே மரத்தை எடுத்துக்கொண்டது; 2023-ல் தீர்மானிக்கும் முறை மாறிய பின்பும் மரம் மாறவில்லை.

நம் கணக்குகள் பெரும்பாலும் தங்கியிருப்பது டேட்டாபேஸில். அங்கே இருப்பது வேறு ஜாதி மரம். அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அதே பேயரும், மெக்கிரைட் என்பவரும் 1970-ல் வெளியிட்ட பி-மரம். டிஸ்க்கிலிருந்து எடுப்பது, நினைவகத்திலிருந்து எடுப்பதைவிட வெகு தாமதம். கடையில் தட்டிலிருந்து எடுப்பதற்கும் துறைமுகத்துக் கிடங்குக்கு ஆள் அனுப்பி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று கொள்ளுங்கள். கிடங்குக்குப் போகிறவன் ஒரே ஒரு பொட்டலத்தோடு திரும்பி வருவானா? வண்டி நிறைய ஏற்றிக்கொண்டுதானே வருவான்! பி-மரத்தில் ஒரு கணு என்பது ஒரு பக்கம் முழுவதும். போஸ்ட்கிரெஸில் 8 கிலோபைட், மைஎஸ்க்யூஎல்லில் வழக்கமாக 16 கிலோபைட். அந்த ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வழிகாட்டிகள் அடங்கும். பக்கத்துக்கு 300 வழி என்று வைத்தால், மூன்று பக்கம் புரட்டினால் 2 கோடியே 70 லட்சம் பதிவுகளை எட்டலாம். நான்கு பக்கம் புரட்டினால் 810 கோடி. இருவழி மரம் என்றால் 10 லட்சத்துக்கே 20 தடவை கிடங்குக்கு ஆள் போக வேண்டியிருக்கும்.

மேஜையில் நடக்கும் பேச்சு

மரம் இதுவரை. இனி பரீட்சை. நல்ல பரீட்சை எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம். இது எங்கும் நடந்ததல்ல, பாடத்துக்காக எழுதியது.

பரீட்சகர்: மொத்த வியாபாரக் கடை ஒன்றில் 10 லட்சம் பில் இருக்கிறது. எண்ணைச் சொன்னால் பில் வர வேண்டும். என்ன செய்வீர்கள்?

விண்ணப்பதாரர்: எண்ணைச் சொல்லி ஒன்றை எடுப்பது மட்டும்தான் வேலை என்றால் ஹேஷ் அட்டவணை போதும். மரம் தேவையில்லை.

பரீட்சகர்: முதலாளி வந்து, ரமலான் மாதத்துப் பில்களைத் தேதி வரிசையில் காட்டு என்கிறார்.

விண்ணப்பதாரர்: அப்படியானால் ஹேஷ் அட்டவணை உதவாது. அது சாமான்களைத் தட்டுத் தட்டாகச் சிதறி வைப்பது. வரிசை என்பதே அதற்குத் தெரியாது. இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை, இதற்கு அடுத்து எது, இதைவிடக் குறைந்ததில் பெரியது எது என்ற கேள்விகள் வந்தால் வரிசை காக்கும் ஓர் அமைப்பு வேண்டும். ஆனால் மரம் என்று சொல்வதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்கலாமா? இந்தப் பில்கள் நினைவகத்தில் இருக்கின்றனவா, டேட்டாபேஸிலா? புதுப் பில் எவ்வளவு அடிக்கடி வருகிறது?

இவ்விடத்தில் பரீட்சகர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொள்வார். சீனியர் என்பதற்கு அடையாளம் இந்த எதிர்க்கேள்விதான். ஜூனியர் பதில் சொல்ல அவசரப்படுவான். சீனியர் கேள்வியின் எல்லையை முதலில் அளப்பான். டேட்டாபேஸில் இருந்தால் தேதிக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டால் முடிந்தது. உள்ளே பி-மரம் தானாக வேலை செய்யும். எஞ்சினியர் ஒரு வரி மரமும் எழுத வேண்டியதில்லை. விலைப்பட்டியலைப் போல இரவில் ஒரு தடவை ஏற்றிவிட்டுப் பகல் முழுவதும் படிக்க மட்டும் செய்தால், வரிசைப்படுத்திய சாதாரணப் பட்டியலும் நடுவில் திறந்து தேடும் முறையும் மரத்தை வென்றுவிடும். பைத்தான் மொழியோடு வரும் நூலகத்தில் சமநிலை மரமே கிடையாது. வரிசைப் பட்டியலில் தேடும் கருவிதான் உண்டு. அதை வைத்தே எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள்.

பரீட்சகர்: சரி, மரம்தான் என்று முடிவு செய்தீர்கள். சரக்குகளை விலை வரிசையில் மரத்தில் வைத்திருக்கிறீர்கள். கிராம்பு விலை ஏறிவிட்டது. மரத்தில் இருக்கும் கிராம்பின் விலையை அங்கேயே திருத்திவிட்டார் உங்கள் சகா. என்ன ஆகும்?

இது சிறிய கேள்வியாகத் தோன்றும். புத்தகம் மட்டும் படித்தவரையும் வேலை செய்து அடிபட்டவரையும் இதுபோல் பிரித்துக் காட்டும் கேள்வி குறைவு. கிராம்பு பழைய விலைக்குரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. புது விலையைக் கொண்டு தேடுகிறவன் வேறு கிளையில் இறங்குவான். கடையில் இருக்கும் சரக்கை மரம் இல்லை என்று சொல்லும். பிழைச் செய்தி வராது, புரோகிராம் நிற்காது, கணக்கு மட்டும் பொய்யாகும். கிராம்பை மரத்திலிருந்து எடுத்து, விலையை மாற்றி, மறுபடி சேர்ப்பதே சரியான வழி. இதோடு ஒட்டிய இன்னொரு பொறி: மஞ்சளும் சீரகமும் ஒரே விலை. விலையை மட்டும் ஒப்பிடும் மரத்துக்கு இரண்டும் ஒன்றே; இரண்டில் ஒன்றுதான் உள்ளே நிற்கும். விலை ஒன்றானால் சரக்கின் குறியெண்ணைப் பார் என்று சேர்த்து எழுத வேண்டும். விண்ணப்பதாரர் பரீட்சகர் கேட்காமலே இதைச் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்பது எம் அபிப்பிராயம்.

ஒரே மரத்தைப் பலர் ஒரே சமயத்தில் திருத்தினால் என்ன என்ற கேள்வியும் வழக்கமாக வரும். ஒருவன் சுழற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் அதே கிளையில் இறங்கிக்கொண்டிருப்பான். பூட்டுப் போடாவிட்டால் வழி தவறிப் போவான். வில்லியம் பியூ என்பவர் 1990-ல் வெளியிட்ட ஸ்கிப் லிஸ்ட் என்னும் அமைப்பு, சுழற்றலே இல்லாமல் நாணயம் சுண்டுவதைப் போல் தற்செயலை வைத்துச் சமநிலை காக்கிறது. பலர் கை வைக்கும் இடத்தில் அது சுலபம். ஜாவாவில் 2006 முதல் அது உண்டு. ரெடிஸ் என்னும் மென்பொருளின் வரிசைத் தொகுதியிலும் அதுவே. ஹேஷ் அட்டவணையை மரத்துக்குப் பகையாக நினைப்பவருக்கு ஒரு செய்தி: 2014-ல் வெளியான ஜாவா 8 முதல், ஹேஷ் அட்டவணையின் ஒரே தட்டில் எட்டுக்கு மேல் சாமான் குவிந்தால், அட்டவணையும் போதிய பெரிதாயிருக்கும் பட்சத்தில், அந்தத் தட்டே சிவப்பு-கறுப்பு மரமாக மாறிக்கொள்ளும். வேண்டுமென்றே ஒரே தட்டில் குவித்து இயந்திரத்தைத் திணறடிக்க நினைப்பவர்களுக்கு அது ஒரு காவல்.

மரமும் சாசுவதமல்ல என்பதற்கு லினக்ஸையே சொல்லலாம். நினைவகப் பகுதிகளைக் கணக்கு வைக்க நெடுங்காலம் சிவப்பு-கறுப்பு மரத்தை உபயோகித்துவிட்டு, 2022-ல் 6.1-ம் பதிப்பில் பி-மரத்தின் சாயலுள்ள மேப்பிள் மரத்துக்கு மாறினார்கள். இக்காலத்து இயந்திரத்தில் நினைவகத்துக்குள்ளேயே கிட்டத்துத் தட்டும் தூரத்துக் கிடங்கும் உண்டு; கணுவுக்குக் கணு தாவித் தாவிப் போவதைவிட, ஒரு கணுவில் பலவற்றை அடுக்கிப் படிப்பது இலாபம். படி எத்தனை என்ற கணக்கு மட்டும் போதாது, ஒரு படிக்கு என்ன செலவு என்பதும் வேண்டும். சரக்கு விலையோடு வண்டிக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீண் கேள்வி எது?

மாக்ஸ் ஹவல் என்பவர் மேக் கம்ப்யூட்டர்களுக்கான ஹோம்ப்ரூ என்ற கருவியை உண்டாக்கியவர். உலகமெங்கும் எஞ்சினியர்கள் உபயோகிக்கும் கருவி அது. 2015-ல் அவர், பைனரி மரம் ஒன்றை வெண்பலகையில் இடவலமாகப் புரட்டி எழுத முடியாததால் கூகுள் கம்பெனி தம்மை ஏற்கவில்லை என்று எழுதினார். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. புரட்டுவது என்பது சமநிலை அல்ல. உண்மையில் அதைவிட எத்தனையோ சுலபம். ஆனால் ஒரு கணக்கை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, பலகையில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லும் முறை எதை அளக்கிறது என்ற சந்தேகம் நியாயமானது. 2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளரும் 48 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். பரீட்சகர் முன் நின்று பேசியபடி எழுதியவர்களின் திறன், அதே மாதிரிக் கணக்கைத் தனியறையில் எழுதியவர்களின் திறனில் பாதிக்கும் கீழே போனது. அங்கே அளக்கப்பட்டது பயம்.

சிவப்பு-கறுப்பு மரத்தில் ஒரு கணுவை நீக்கும் முழு முறையையும் நினைவிலிருந்து எழுது என்பது இந்த ரகம்தான். பரீட்சைக்கு முந்திய வாரம் மனப்பாடம் செய்தவன் தேறுவான். பத்து வருஷம் கணக்குகளைக் காப்பாற்றியவன் தோற்பான். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டால் அந்த முறையைக் கண நேரத்தில் எழுதித் தந்துவிடுகிறது. எந்த மரம், எதற்கு, என்ன செலவில் என்று தீர்மானித்து, அந்தக் கருவி எழுதியது சரியா என்று பார்க்கும் ஆள்தான் நமக்கு வேண்டும்.

இதற்காக மரத்தைப் படிக்கவே வேண்டாம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாது. விதியை அறியாமல் விதியைப் பற்றிப் பேச முடியாது. நமது யோசனை: சமநிலையில்லாத சிறு மரம் ஒன்றைத் தம் கையால் எழுதட்டும், ஏறு வரிசையில் லட்சம் எண்ணைச் சேர்த்து அது திணறுவதைக் கண்ணால் பார்க்கட்டும், ஒரு சுழற்றலை மட்டும் காகிதத்தில் போட்டுப் பழகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நிற விதிகளின் எல்லாக் கிளைகளையும் உருப்போடுவதற்குப் பதில், தாம் வேலை செய்த இடத்தில் எந்த இண்டெக்ஸ் ஏன் போடப்பட்டது, எது மெதுவாயிற்று, எப்படித் தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பரீட்சையில் அந்த நோட்டுத்தான் பேசும்.

ஆள் எடுக்கும் முதலாளிமார்களுக்கு வேறு வார்த்தை. ஷ்மிட், ஹன்டர் என்னும் இருவர் 85 வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-ல் வெளியிட்ட முடிவு இது: எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே அளவுகோலால் கேட்கும் பேட்டி, மனம் போன போக்கில் பேசும் பேட்டியைவிட நம்பத்தக்கது, எத்தனை வருஷம் அனுபவம் என்பது மட்டும் மிகச் சொற்பமே சொல்லும். 2022-ல் சாக்கெட்டும் அவர் சகாக்களும் அந்தக் கணக்கை மறுபடி பார்த்து எண்களைக் குறைத்தார்கள். ஒழுங்காக நடத்தும் பேட்டியோ முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆகவே தெரிந்த ஓர் எஞ்சினியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலே கண்ட நாலைந்து கேள்விகளை எழுதி, வருகிற எல்லாரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். ஒருவரிடம் மரத்தையும், உறவுக்காரர் பையனிடம் ஊர் நலத்தையும் விசாரித்தால் அது பரீட்சை ஆகாது.

எஞ்சினியர் துணைக்குக் கிடைக்காத முதலாளி, தாமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, எங்கள் கடையில் மொத்தம் 800 சரக்குத்தான். பெயரைத் தட்டினால் விலை வர வேண்டும். சமநிலை மரம் போடலாமா?" போடலாம் என்று உற்சாகமாகத் தொடங்குகிறவரைக் கொஞ்சம் பேச விடுங்கள். வேண்டாம் என்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். 800-ஐ முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் இயந்திரத்துக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது என்று அவர் சொல்வார். அடுத்து, "எப்போது உங்கள் மனம் மாறும்?" என்று கேளுங்கள். "பில் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகும்போது, அல்லது இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை என்று நீங்கள் கேட்கத் தொடங்கும்போது. அப்போதும் நானே மரம் எழுதமாட்டேன், டேட்டாபேஸில் ஓர் இண்டெக்ஸ் போட்டுவிட்டு, அது உபயோகப்படுகிறதா என்று அளந்து பார்ப்பேன்" என்று பதில் வந்தால், சம்பளப் பேச்சைத் தொடங்கலாம்.